ஒரே காரில் மூன்றாவது சப்வூஃபர்

டிக்கியைத் திறந்ததுமே வாசனை வந்தது. கருகிய வார்னிஷ் வாசனை. காரில் ஒலி அமைப்பு பொருத்துகிற எவருக்கும் அது பழக்கப்பட்டதுதான். பேஸ் என்கிற தாழ்ந்த ஒலிக்கென்றே இருக்கும் பெரிய ஸ்பீக்கர்தான் சப்வூஃபர், சுருக்கமாக சப். அதன் முன்பக்கம் அதிரும் கோனின் மேல் விரல்களைப் பரப்பி வைத்து மெதுவாக உள்ளே அழுத்தினேன். சத்தமில்லாமல் போய் வர வேண்டிய கோன், மணலில் தேய்வதுபோல் கரகரத்தது. கோனை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் வெந்து உப்பி, காந்தத்தின் இடுக்கில் உரசிக்கொண்டிருந்தது. ஒன்றரை வருடத்தில் அந்தக் காரில் போன மூன்றாவது சப் அது. "ஸ்பீக்கர் தாங்கலைங்க. இன்னும் பெரிய வாட்ஸ்ல ஒண்ணு போட்டுடுங்க" என்றார் காரின் உரிமையாளர்.

ஸ்பீக்கரைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் அதற்குச் சக்தி தரும் ஆம்ப்ளிஃபையரைப் பார்க்கிறேன் என்றேன். அதிலுள்ள கெயின் என்ற திருகு கடைசி வரை திருகியிருந்தது. பேஸ் பூஸ்டும் கடைசி வரை. டேஷ்போர்டில் இருக்கும் பிளேயரான ஹெட் யூனிட்டில் பேஸைத் தனியாக ஏற்றி, போதாததற்கு அதை இன்னும் தூக்கும் லவுட்னஸ் வேறு. இந்த நிலையில் எவ்வளவு பெரிய சப் போட்டாலும் நான்காவதும் வேகத்தான் செய்யும். என்னிடம் வரும் எரிந்த சப்களில் பெரும்பாலானவற்றுக்கு இதே கதைதான். கெயினை வால்யூம் என்று நினைத்துத் திருகிவிடுகிறார்கள்.

ஹெட் யூனிட்டிலிருந்து வரும் சிக்னலின் வோல்டேஜுக்கு ஏற்றபடி ஆம்பை இசைய வைப்பதுதான் கெயினின் வேலை. சில ஹெட் யூனிட்கள் 2 வோல்ட் தரும், சில 4 வோல்ட் தரும். வருவது குறைவென்றால் கெயின் கொஞ்சம் கூட வேண்டும், அதிகமென்றால் குறைய வேண்டும். அதற்கு மேல் திருகினால் ஆம்ப் தரும் உச்ச வோல்டேஜ் ஏறாது. அலையின் மேடும் பள்ளமும் கத்தரியால் வெட்டியதுபோல் தட்டையாகும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். ஒரு சைன் அலை முழுக்க வெட்டுப்பட்டுச் சதுர அலையாகிவிட்டால், அதே உச்ச வோல்டேஜில் சக்தி இரண்டு மடங்காகிறது. சப்புக்குள் போகும் சக்தியில் ஒலியாக மாறுவது மிகச் சிறிய பங்கு. மீதி எல்லாம் காயிலில் வெப்பமாகத்தான் தங்குகிறது.

பேஸ் பூஸ்ட் இதைவிட மோசம். 3 டெசிபல் கூட்டினால் ஆம்ப் இரண்டு மடங்கு சக்தி தர வேண்டும், 6 டெசிபலுக்கு நான்கு மடங்கு. 12 டெசிபல் வரை திருகினால் 16 மடங்கு. எந்த ஆம்பிலும் அவ்வளவு இருப்பு கிடையாது. நான் பொருத்தும் கார்களில் பேஸ் பூஸ்டைப் பூஜ்யத்தில்தான் விடுகிறேன்.

சரி, கெயினை எப்படி வைப்பது? முதலில் ஆம்பிலிருந்து ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிடுவேன். ஹெட் யூனிட்டில் ஈக்வலைசரைச் சமமாக்கி, லவுட்னஸை அணைத்து, வால்யூமை முக்கால் பங்கில் வைப்பேன். இன்ஜின் ஓட வேண்டும். நின்றிருக்கும் பேட்டரி 12.6 வோல்ட்தான் தரும், ஓடும்போது 14-ஐ ஒட்டி வரும். கெயினை அடிமட்டத்துக்கு இறக்கி, 50 ஹெர்ட்ஸ் சைன் டோனை ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் பிடிப்பேன். எத்தனை வோல்ட் வர வேண்டும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு: வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 500 வாட், 2 ஓம் என்றால் 1000. அதன் வர்க்கமூலம் 31.6. கெயினை மெல்லத் திருகி, மீட்டர் 31-ஐத் தொட்டதும் கையை எடுத்துவிட வேண்டும்.

இங்கே போட வேண்டிய வாட், அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் 'மேக்ஸ்' அல்ல. ஆம்ப், சப் இரண்டின் ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து ஓடக்கூடிய சக்தி, அளவில் எது சிறியதோ அது. ஓமையும் நேரில் பாருங்கள்: இரண்டு 4 ஓம் காயில் உள்ள சப்பை பேரலலாக இணைத்தால் 2 ஓம், சீரிஸாக இணைத்தால் 8 ஓம். 2 ஓம் வரை தாங்கும் ஆம்பில் 1 ஓமை மாட்டிவிட்டு, "ஆம்ப் அடிக்கடி ஆஃப் ஆகுது" என்று வருபவர்கள் நிறைய. இன்னொன்று, மல்டிமீட்டர் கிளிப்பிங்கைக் காட்டாது. அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் இருந்தால் அலையின் உச்சி மழுங்க ஆரம்பிக்கும் இடத்தைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். நான் இரண்டையும் வைத்துத்தான் பார்க்கிறேன்.

அந்தக் காரில் அளந்தபோது, கால் பங்கு திருகியதுமே மீட்டர் 31-ஐத் தொட்டுவிட்டது. மீதி முக்கால் பங்கும் கிளிப்பிங்தான். பேஸ் என்று அவர் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்ததில் பாதி, காயில் வேகும் சத்தம்.

அடுத்து பவர் வயரைத் தொட்டுக்கொண்டே பேட்டரி வரை போனேன். அங்கேதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. வயரில் ஒரே ஒரு ஃப்யூஸ், அதுவும் டிக்கியில், ஆம்புக்குப் பக்கத்தில். இன்ஜின் அறையிலிருந்து உள்ளே வரும் துளையில் வயரைக் காக்கும் ரப்பர் வளையமான குரோமெட் இல்லை. தகட்டின் விளிம்பு இன்சுலேஷனைப் பாதி அறுத்திருந்தது. விரலால் தடவினால் பள்ளம் தெரிந்தது.

பேட்டரிப் பக்கத்து ஃப்யூஸ் காப்பாற்றுவது வயரை. அதன் மூலமாக உங்கள் காரை, உங்களை. காரின் உடம்பு முழுக்க நெகட்டிவ். அறுந்த வயர் தகட்டைத் தொட்டால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும், வயர் அடுப்புக் கம்பிபோல் சிவக்கும். அந்த மின்சாரம் டிக்கியில் இருக்கும் ஃப்யூஸ் வழியாகப் போவதே இல்லை. அது அங்கே சும்மா இருக்கும், தரைவிரிப்பு எரிந்துகொண்டிருக்கும். அதனால் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃப்யூஸ் வைப்பது கட்டாயம். எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. ஃப்யூஸின் அளவு வயர் தாங்கும் அளவைத் தாண்டக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. வேண்டாம் என்று சொல்பவர்களின் காரில் ஆம்பைப் பொருத்தவே மாட்டேன்.

வயரின் தடிமனையும் கணக்குப் போட்டே எடுக்க வேண்டும். 500 வாட் தரும் கிளாஸ் டி ஆம்ப், 80 சதவீதத் திறனில் வேலை செய்தால், சுமார் 45 ஆம்பியர் இழுக்கும். 4 கேஜ், அதாவது 21 சதுர மி.மீ. செம்பு வயர் இதற்குப் போதும். செம்பு பூசிய அலுமினிய வயரும் அதே தடிமனில், அதே பளபளப்பில் கிடைக்கிறது. அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பினுடையதில் சுமார் 60 சதவீதம்தான். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியம். வெளியே வெள்ளையாக, உள்ளே செம்பாக இருந்தால் வெள்ளீயம் பூசிய செம்பு. அது நல்ல வயர்தான்.

ஆம்பின் நெகட்டிவ் வயரைக் காரின் தகட்டில் மாட்டும் எர்த் பாயின்டில் பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் தகடு தெரியும்படி இறுக்கிவிட்டு, மேலே துரு பிடிக்காமல் பூச வேண்டும். எர்த் வயர் பவர் வயரின் அதே தடிமனில், குட்டையாக இருக்கட்டும். வசதியாக இருக்கிறதே என்று சீட் பெல்ட் போல்ட்டில் கோக்கவே கூடாது. பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்குகிறது என்றால் மின்சாரத்தைச் சேமித்துத் தரும் கெப்பாசிட்டர் வாங்கும் முன் இந்த எர்த்தைப் பாருங்கள்.

சப் உட்காரும் பாக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. சப்போடு வரும் தாளில் எத்தனை லிட்டர் என்று போட்டிருக்கும். அந்த எண்கள் தீல், ஸ்மால் என்ற இரண்டு பொறியாளர்கள் வகுத்துக் கொடுத்த அளவுகளிலிருந்து வருபவை. தோராயமாக அறுத்து ஒட்டிவிட்டு, பிறகு ட்யூனிங்கில் சரிசெய்ய முடியாது. காற்று போய்வரும் குழாயான போர்ட் வைத்த பாக்ஸ் என்றால், அது ட்யூன் செய்யப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே கோனைப் பிடித்து நிறுத்தக் காற்று இருக்காது, கோன் எல்லை மீறி ஆடும். அதனால் மிகத் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் சப்சோனிக் ஃபில்டரை அந்த அதிர்வெண்ணுக்குச் சற்றுக் கீழே வைத்தே ஆக வேண்டும். காரின் மூடிய கேபினே அடிமட்ட பேஸை ஓரளவு தூக்கிக் கொடுக்கும். அதனால் பாட்டு தெளிவாகக் கேட்க வேண்டும் என்பவருக்கு நான் மூடிய பாக்ஸைத்தான் சொல்வேன். எந்த பாக்ஸானாலும் ஸ்ட்ராப் போட்டோ போல்ட் போட்டோ கட்டிவிடுங்கள். திடீர் பிரேக்கில் 25 கிலோ மரப்பெட்டி பின்சீட்டில் இருக்கும் குழந்தையை நோக்கித்தான் வரும்.

இனி காதால் செய்ய வேண்டிய வேலை. தாழ்ந்த ஒலிகளை மட்டும் விடும் சப்பின் லோ பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸிலும், உயர்ந்த ஒலிகளை மட்டும் விடும் கதவு ஸ்பீக்கர்களின் ஹை பாஸ் ஃபில்டரை அதே இடத்திலும் வைத்துத் தொடங்குங்கள். டிக்கியைத் திறந்து வைத்து அங்கேயே நின்று ட்யூன் செய்வதை நிறையப் பார்க்கிறேன். பாட்டுக் கேட்கப்போகும் காது அங்கே இல்லை. கதவுகளையெல்லாம் சாத்திவிட்டு டிரைவர் சீட்டில் உட்காருங்கள். இன்னொருவர் அலையைத் தலைகீழாக்கும், ஆம்பின் ஃபேஸ் ஸ்விட்சை 0-க்கும் 180-க்கும் மாற்றட்டும். 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 4.3 மீட்டர். டிக்கியிலிருந்து வருவதும் கதவிலிருந்து வருவதும் உங்கள் காதில் சேரும்போது, ஒன்று தள்ள இன்னொன்று இழுத்தால் பேஸ் கரைந்துவிடும். எந்த நிலையில் பேஸ் நிறைவாகக் கேட்கிறதோ அதுதான் சரி. பேஸ் போதவில்லை என்று பெரிய ஆம்ப் வாங்க வந்த ஒருவரை, இந்த ஸ்விட்சை மட்டும் தள்ளிவிட்டு வெறுங்கையோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

வால்யூம் குறைவாக இருக்கும்போது காதுக்கு பேஸ் மற்ற ஒலிகளைவிடக் குறைந்தே கேட்கும். ஆய்வாளர்களான பிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிய உண்மை இது. அதனால்தான் பேஸுக்காக வால்யூமை ஏற்றிக்கொண்டே போகிறோம். 85 டெசிபலில் 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் தொழிலாளர்களுக்குப் பரிந்துரைக்கும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். காரை விட்டு இறங்கியதும் காதில் 'ஙொய்' என்று கேட்டால், அன்றைய அளவைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். பின்னால் வரும் ஆம்புலன்ஸ் கேட்காத அளவுக்கு வைப்பதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் காருக்குப் பெரிய சப் எதுவும் போடவில்லை. பழைய அளவிலேயே புதிதாக ஒன்றைப் போட்டு, பவர் வயரை மாற்றி, குரோமெட் வைத்து, பேட்டரி அருகே ஃப்யூஸ் கொடுத்து, கெயின் திருகு நிற்கும் இடத்தில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து அனுப்பினேன். அதிர்வில் திருகுகள் தளரும் என்பதால் ஒரு மாதம் கழித்து வரச் சொல்லியிருந்தேன். வந்தார். ஃப்யூஸ் ஹோல்டரில் ஒரு திருகு கால் சுற்று தளர்ந்திருந்தது, இறுக்கிக் கொடுத்தேன். டிக்கியைத் திறந்து பார்த்தேன். வெள்ளைக் கோடு போட்ட இடத்திலேயே இருந்தது கெயின்.