கணினி ஓட்டினால் வரலாறு ஆகிவிடுமா?

கி.மு. 216இல் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலிடம் ரோமானியர் தோற்ற கன்னே போரில் ரோமானியரே வென்றிருப்பார்கள் என்று "நிரூபிக்கும்", போரைத் திரையில் ஓட்டிப் பார்க்கும் இன்னொரு கணினி மாதிரி என்னிடம் மதிப்பீட்டுக்கு வந்திருக்கிறது. திரையில் தளபதி இடும் கட்டளை அதே நொடியில் கடைசி வரிசை வரை போய்ச் சேர்கிறது. புழுதி இல்லை, கூச்சல் இல்லை, பயம் இல்லை.

இது எதையும் நிரூபிக்காது. வீரனின் மன உறுதிக்கு 70 என்று எண் கொடுத்தது யார்? மாதிரியை எழுதிய நீங்கள். 60 கொடுத்திருந்தால் ஹன்னிபாலே வென்றிருப்பார். "அன்று நடந்தது இதுதான்" என்று சொல்லும் தகுதி எந்த மாதிரிக்கும் கிடையாது. என் விளக்கம் சரியென்றால் இப்படி நடக்க வழி உண்டா என்று மட்டுமே அதனிடம் கேட்கலாம். உண்டு என்று பதில் வந்தாலும் அப்படித்தான் நடந்தது என்று ஆகாது. நேர்மாறான விளக்கமும் அதே முடிவைத் தரலாம்.

கேட்கத் தகுந்த கேள்விகள் வேறு. கி.மு. 48இல் பாம்பேயை வென்ற பார்சாலஸ் போரில் தன் பக்கம் இறந்த வீரர்கள் 200க்கு மேல் இல்லை, நூற்றுவர் தலைவர்கள் சுமார் 30 பேர் என்று ரோமானியத் தளபதி சீசர் எழுதுகிறார். பெயரளவில் 80 பேருக்கு ஒரு தலைவர். அன்று படை மெலிந்திருந்தது என்று கழித்துப் பார்த்தாலும் அந்த 30 மிக அதிகம். கால் நாட்டில் (இன்றைய பிரான்ஸ்) அவர் தாக்கிய கெர்கோவியாவிலும் அப்படியே: வீரர்கள் 700க்குச் சற்றுக் குறைவு, தலைவர்கள் 46. கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸோ, பாய்ந்து போரிடுபவரைவிட நிலைகுலையாதவரையே ரோமானியர் இப்பதவிக்கு விரும்பினர் என்கிறார். அப்படியானால் முன்வரிசையில் நின்று சாகும் தலைவரால் அணி எவ்வளவு நேரம் கூடுதலாகத் தாங்குகிறது? அவர் விழுந்தபின் என்ன ஆகிறது? அவரைப் பின்வரிசைக்கு நகர்த்தினால்? இதற்குத்தான் மாதிரி வேண்டும். தளபதியை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைத் தொடுவதே இல்லை.

ஒருமுறை ஓட்டிவிட்டு எழுத உட்காராதீர்கள். தற்செயல் எண்களை மாற்றி நூற்றுக்கணக்கான முறை ஓட்டுங்கள். சராசரியோடு சிதறலையும் காட்டுங்கள். தெரிந்த முடிவு வரும்வரை எண்களைத் திருகிவிட்டு, அந்த முடிவையே சான்றாகக் காட்டாதீர்கள். சீசரின் கணக்கையும் அப்படியே நம்பிப் போடாதீர்கள், தன் வெற்றியைத் தானே எழுதியவர் அவர். நிரலை வெளியிடுங்கள், ஒளித்துவைத்தால் நான் படிக்கவே மாட்டேன்.

மாணவர்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள்: முதல் வரி நிரல் எழுதுவதற்கு முன், பொலிபியஸின் ஆறாம் நூலை ஒருமுறை பொறுமையாக வாசித்துவிடுங்கள்.