ஷன்ட் வைத்த குழந்தைக்குப் பேதியா? விடியும்வரை காத்திருக்காதீர்கள்

ஸ்டெதாஸ்கோப்பை அந்தக் குழந்தையின் வலது காறை எலும்புக்குக் கீழே வைத்தேன். இதய அறுவை சிகிச்சையில் வைத்த ஷன்ட் என்ற சிறு குழாயில் ரத்தம் ஓடுவதால், குழாயில் தண்ணீர் விடாமல் ஓடுவதுபோல அங்கே ஓர் இரைச்சல் கேட்க வேண்டும். அன்று கேட்கவில்லை. இடம் மாற்றி வைத்துப் பார்த்தேன். அப்போதும் இல்லை.

ஏழு மாதக் குழந்தை. உதடும் நகங்களும் நாவல்பழ நிறத்துக்கு மாறியிருந்தன. இரண்டு நாளாகப் பேதி, இடையிடையே வாந்தி. "பல் முளைக்கிற பேதிதானே சிஸ்டர், எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதானே" என்றார் பாட்டி. மருந்து வயிற்றில் தங்கவில்லை என்று அந்த இரண்டு நாளும், ஷன்ட்டில் ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரினையும் நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் அலட்சியமானவர்கள் அல்லர். வீட்டுக்கு அனுப்பும் நாளில் இருபது விஷயங்களோடு சேர்த்து, பேதி வந்தால் உடனே வர வேண்டும், ஆஸ்பிரினை நிறுத்தக் கூடாது என்பதையும் அவசரமாகச் சொன்னோம். பிழை எங்களுடையதும்தான்.

சில குழந்தைகளுக்கு இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழி பிறவியிலேயே குறுகியோ அடைபட்டோ இருக்கும். அடுத்த பெரிய அறுவை சிகிச்சைக்கு உடம்பு தேறும்வரை, கைக்குப் போகும் தமனியையும் நுரையீரல் தமனியையும் ஒரு செயற்கைக் குழாயால் இணைப்பார்கள். அதுதான் ஷன்ட். 1944 நவம்பரில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் பிளேலாக், குழந்தைகள் இதய மருத்துவர் டாசிக், ஆய்வக உதவியாளர் விவியன் தாமஸ் மூவரின் உழைப்பில் பிறந்த வழி இது. அன்று தமனியையே நேரடியாக இணைத்தார்கள். செயற்கைக் குழாய் பின்னால் வந்தது. பச்சிளங்குழந்தைக்கு வைக்கும் குழாயின் உள்விட்டம் பெரும்பாலும் 3.5 மில்லிமீட்டர்தான். பேனா ரீஃபில் அளவே உள்ள அந்த வழியை நம்பித்தான் குழந்தையின் மூச்சு இருக்கிறது.

உடம்புக்குள் வைத்த அந்நியப் பொருளின்மீது ரத்தம் உறையப் பார்ப்பது இயல்பு. நீலம் பாரிக்கும் குழந்தைகளின் உடல், ஆக்சிஜன் குறைவை ஈடுகட்டச் சிவப்பணுக்களை அதிகமாக உண்டாக்குவதால் அவர்களுடைய ரத்தம் ஏற்கெனவே கெட்டியாக இருக்கும். அதற்கு மேல் பேதியும் காய்ச்சலும் வந்து நீர் குறைந்தால், அடுப்பில் வற்றிய குழம்புபோல இன்னும் கெட்டியாகிவிடும். ஷன்ட் அடைபடச் சில மணி நேரம் போதும்.

ஆஸ்பிரின் 'சூடு' என்று சில வீடுகளில் நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மருத்துவர் எழுதிய அளவைத் தினமும் கொடுங்கள். ஆறு கிலோ குழந்தைக்கு அது 75 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு அளவில் இருக்கலாம். கொடுத்தவுடன் வாந்தி எடுத்தாலும், அம்மையோ ஃப்ளூ காய்ச்சலோ வந்தாலும் உடனே எங்களை அழைத்துக் கேளுங்கள். அம்மை, ஃப்ளூ நேரத்தில் ஆஸ்பிரின் அபூர்வமாக மூளையையும் கல்லீரலையும் தாக்கக்கூடும். அப்போது நிறுத்துவதா, வேறு மருந்து தருவதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும். ஐபுப்ரோஃபென் ஆஸ்பிரினின் வேலையைக் கெடுக்கும்.

ஷன்ட் இல்லாத குழந்தைகளுக்கும் ஆபத்து உண்டு. தீவிர சிகிச்சையின்போது கழுத்திலோ தொடையிலோ உள்ள பெரிய ரத்தக்குழாயில் ஊசிக்குழாய் போட்டிருப்போம். அங்கே ரத்தம் உறைந்தால் ஒரு கால் மட்டும் வீங்கும். சில நேரம் வெளுத்துச் சில்லிட்டுப்போகும். முகமும் கழுத்தும் உப்பலாம். உறைந்த ரத்தக் கட்டி மூளைக்குப் போனால் வலிப்பு வரும், அல்லது ஒரு கை அசையாமல் கிடக்கும். குளிப்பாட்டும் தாய்க்குத்தான் இது முதலில் தெரியும்.

ஷன்ட் உள்ள குழந்தைக்குப் பேதி, வாந்தி, காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது எதுவானாலும் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். நீலம் அதிகமானாலோ மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள். விழுங்க முடிகிற குழந்தைக்கு வழியெல்லாம் தாய்ப்பாலும் உப்பு சர்க்கரைக் கரைசலும் கொடுத்துக்கொண்டே வாருங்கள். எந்த மருத்துவமனை வாசலில் நுழைந்தாலும் "ஷன்ட் வைத்த குழந்தை" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

அந்த ஏழு மாதக் குழந்தைக்கு உடனே ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து கொடுத்து, தொடை வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி அடைப்பைத் திறந்தார்கள். மறுநாள் காலை ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து அதன் தாயின் காதில் மாட்டினேன். இரைச்சலைக் கேட்டு அழுதார்.

மூன்று வாரம் கழித்து, அதிகாலை ஐந்து மணிக்குப் பிரிவின் தொலைபேசி ஒலித்தது. "இரண்டு முறை பேதியாகிவிட்டது சிஸ்டர். ஆட்டோவில் ஏறிவிட்டோம்."