சான்றளிப்பு: மூட்டைக்கா, ஆலைக்கா?

தீவன ஏற்றுமதி பற்றிப் பேசும்போது அடிக்கடி காதில் விழும் வாசகம் ஒன்று உண்டு: "இந்தச் சரக்குக்கு ஐரோப்பிய சர்டிஃபிகேட் இருக்கிறது." கேட்பவருக்கு மூட்டைக்குள் இருப்பதை யாரோ சோதித்துப் பார்த்து முத்திரை குத்திவிட்டார்கள் என்றுதான் தோன்றும். பெரும்பாலும் நடப்பது அதுவல்ல. 'சர்டிஃபிகேட்', 'சர்டிஃபிகேஷன்' இரண்டையும் தமிழில் சான்றிதழ் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால் வரும் குழப்பம் இது.

முதலில் மூலத்தைப் பார்ப்போம். ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் 'செர்ட்டுஸ்', உறுதியானது என்று பொருள். அது பிறந்தது 'செர்னெரே' என்ற வினையிலிருந்து. அதன் பழைய பொருள் சலிப்பது, சல்லடையில் போட்டுப் பிரிப்பது. தானியத்தையும் தவிட்டையும் பிரிக்கிற வேலை. தீவனத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது!

தமிழில் கதை வேறு. சான்று என்பதை 'சால்' என்ற வினையோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். சால் என்றால் நிறைவது, போதுமானதாக இருப்பது. சான்றோர் வந்ததும் அதிலிருந்துதான். சாட்சிக்கு நம் பழைய சொல் 'கரி'. குறள் 25-இல் 'இந்திரனே சாலுங் கரி' என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. இந்திரனே போதிய சாட்சி என்று பொருள். சாட்சி வடசொல், கண்ணோடு இருந்தவர், அதாவது நேரில் கண்டவர் என்பது அதன் உள்பொருள். கரி இன்று அடுப்புக்கரியாகிவிட்டது, அதை மீட்க முடியாது. சான்று இருக்கிறது, அது போதும். இலங்கையில் அத்தாட்சிப் பத்திரம் என்கிறார்கள், அதுவும் நல்ல வழக்கே.

சரி, ஐரோப்பா என்ன கேட்கிறது? இங்கேதான் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன. கொத்தவரையை எடுத்துக்கொள்வோம். ராஜஸ்தானில் பெருமளவு விளையும் கொத்தவரை விதையிலிருந்து கோந்து எடுக்கிறார்கள். மிஞ்சும் முளையும் தோலும் புரதம் மிகுந்தவை. கோர்மா, சூரி என்ற பெயர்களில் கால்நடைத் தீவனமாகின்றன. 2007-இல் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன கொத்தவரைக் கோந்தில் பென்டாகுளோரோபீனாலும் டையாக்சினும் இருப்பது தெரியவந்தது. முன்னது பூஞ்சைக்கொல்லி. அதைத் தயாரிக்கும்போதே டையாக்சின் என்ற நச்சு மாசாகக் கலந்துவிடும். அதன் பிறகு 2008-இலிருந்து ஐரோப்பிய ஆணையம் தனி நிபந்தனை போட்டது. 2015-இல் புதுப்பித்த விதிப்படி, உணவுக்கானாலும் தீவனத்துக்கானாலும், கோந்தின் ஒவ்வொரு சரக்குத் தொகுதியோடும் இந்திய வணிக அமைச்சகப் பிரதிநிதி கையொப்பமிட்ட தாளும் ஆய்வக அறிக்கையும் போக வேண்டியிருந்தது. பென்டாகுளோரோபீனால் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்றும் அதில் இருந்தது. இப்படிப்பட்ட தாள்தான் உண்மையில் சான்றிதழ். அது அந்தச் சரக்கைப் பற்றி மட்டும் பேசும், அடுத்த கப்பலுக்குச் செல்லாது.

மற்றது சான்றளிப்பு, அதாவது 'சர்டிஃபிகேஷன்'. நெதர்லாந்தில் 1992-இல் தொடங்கிய ஜிஎம்பி பிளஸ், தீவனச் சேர்க்கைப் பொருள்களுக்காக 2004-இல் உருவான ஃபாமி-க்யூஎஸ் போன்ற தரத் திட்டங்கள் இந்த வகை. இவை மூட்டையைச் சோதித்துத் தருபவை அல்ல. ஆலை இயங்கும் முறையைப் பார்ப்பவை. விதை எங்கிருந்து வருகிறது, களஞ்சியத்தில் ஈரம் ஏறுகிறதா, லாரியில் முன்பு என்ன ஏற்றினார்கள், தீங்கு நுழையக்கூடிய இடத்தில் யார் காவல் இருக்கிறார்கள், ஒரு மூட்டை கெட்டால் அதை எந்த விவசாயி வரை பின்னோக்கிப் பிடிக்க முடியும்? தணிக்கையாளர் நேரில் வந்து பார்க்கிறார், அடுத்த ஆண்டும் வருகிறார். சாட்சி என்ற சொல்லின் 'கண்' இங்கே இருக்கிறது.

இவை சட்டம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சட்டம் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005-ஆம் ஆண்டு 183-ஆம் எண் தீவனச் சுகாதார ஒழுங்குமுறை. அது தீவன நிறுவனங்களிடம் பதிவையும், தீங்கை முன்கூட்டியே கண்டறிந்து கட்டுப்படுத்தும் ஹாசப் முறையையும் கேட்கிறது. 1999-இல் பெல்ஜியத்தில் தீவனக் கொழுப்பில் நஞ்சு கலந்து கோழியும் முட்டையும் கடைகளிலிருந்து அகற்றப்பட்ட அனுபவம் இதன் பின்னால் இருக்கிறது. ஜிஎம்பி பிளஸ், ஃபாமி-க்யூஎஸ் இரண்டும் வாங்குபவர் கேட்பவை. ஆனால் பல கொள்முதலாளர்கள் இவை இல்லாமல் பேச்சையே தொடங்குவதில்லை.

இன்னும் இரண்டு சொற்களையும் பிரித்துவிட வேண்டும். 'ஆத்தரைசேஷன்' என்பது அனுமதி: ஒரு சேர்க்கைப் பொருளைத் தீவனத்தில் சேர்க்கலாமா என்று ஐரோப்பிய ஒன்றியம் முடிவு செய்வது. கோழி முட்டையின் மஞ்சள் கருவுக்கு நிறம் தரச் செண்டுமல்லிப் பூவிலிருந்து எடுக்கும் லூட்டீனுக்கு அப்படி அனுமதி உண்டு. தென்னிந்தியாவில் பூவைப் பயிரிட்டுச் சாறு எடுக்கும் ஆலைக்கு அந்த அனுமதி தானாகச் சான்றளிப்பு ஆகிவிடாது. 'அக்ரிடிடேஷன்' என்பது சான்று தரும் நிறுவனத்துக்கே தகுதி உண்டு என்று இன்னொரு அமைப்பு ஏற்பது. அங்கீகாரம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அந்தச் சொல் எதற்கும் பயன்படுவதால் நான் தகுதியேற்பு என்பதையே விரும்புகிறேன்.

'சான்றுறுதி', 'சான்றுப்படுத்தல்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். பின்னது தவறில்லை, ஆனால் நகலில் கையெழுத்திடுவதையும் அதே சொல்லால் குறிக்கிறோம். சான்றளிப்பில் அந்த மயக்கம் இல்லை. சான்றளிக்கப்பட்ட தீவனம் என்று எழுதுவதைவிட, சான்று பெற்ற ஆலையில் தயாரான தீவனம் என்று எழுதினால் இன்னும் சரியாக இருக்கும்.

அப்புறம், சான்றளிப்புக்குத் தரும் தாளில் 'ஸ்கோப்' என்று ஒரு வரி இருக்கும். அதற்குச் சான்றெல்லை என்று நான் எழுதுகிறேன். உற்பத்தி, வணிகம், கிடங்கு, போக்குவரத்து என்று ஜிஎம்பி பிளஸில் ஒவ்வொன்றுக்கும் தனி எல்லை. வணிகம் என்று மட்டும் இருந்தால், அந்த ஆள் வாங்கி விற்பதற்குத்தான் சான்று. கோர்மா அரைத்த ஆலைக்கு என்ன சான்று இருக்கிறது என்று தனியே கேட்க வேண்டும்.