நிறும ஆளுகை: ‘ஆள்’ என்னும் வேரிலிருந்து

சில ஆண்டுகளுக்கு முன் சட்டப் படிப்பின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ‘நிறும ஆளுமையின் முதன்மைக் கூறுகளை விளக்குக’ என்பது கேள்வி. ஒரு மாணவி நான்கு பக்கம் எழுதியிருந்தார். அளவான கையெழுத்து, வழக்குப் பெயர்களுக்கு மட்டும் அடிக்கோடு. நிறுமம், அதாவது கம்பெனி, சட்டத்தின் பார்வையில் தனியொரு ஆள். அது தன் பெயரில் சொத்து வாங்கும், வழக்குத் தொடுக்கும், உறுப்பினர்கள் எல்லோரும் மாண்டாலும் தான் மாளாது. இப்படி ஒழுங்காகப் போனது விடை. ஆனால் கேள்வியை எழுதியவர் கேட்டது இது அல்ல. என் கையிலிருந்த விடைக்குறிப்பில் இருந்தவை இயக்குநர் குழுவின் அமைப்பு, தணிக்கைக் குழு, பங்குநர்களுக்குக் கணக்குக் காட்டும் கடமை ஆகியவை. விடைக்குறிப்பை ஓரமாக வைத்துவிட்டு அவருக்கு மதிப்பெண் போட்டேன். பிழை சொல்லில் இருக்கும்போது மாணவியை எப்படித் தண்டிப்பது?

ஆங்கிலத்தில் இவை இரண்டு பாடங்கள். ஒன்று கார்ப்பரேட் பெர்சனாலிட்டி, மாணவி எழுதியது; மற்றது கார்ப்பரேட் கவர்னன்ஸ், கேள்வி கேட்டது. தமிழில் இரண்டையும் ‘நிறும ஆளுமை’ என்று எழுதும் பழக்கம் பரவிக் கிடக்கிறது. முன்னது நிறுமச் சட்டத்தின் முதல் வகுப்பில் வருவது, பின்னது ஏறக்குறைய கடைசி வகுப்பில் வருவது. இரண்டையும் ஒரே பெயரில் கட்டிவைத்தால் நடுவிலுள்ள பாடம் முழுவதும் குழம்பும்.

முதலில் ‘கார்ப்பரேட்’. இதன் வேர் ‘கார்ப்பஸ்’ என்ற இலத்தீன் சொல்; அதன் பொருள் உடல். பலர் சேர்ந்து ஓர் உடலாக ஆவது என்பதே ‘கார்ப்பரேஷன்’. அளவு பற்றிய பேச்சே இதில் இல்லை. இன்றைய தமிழ் மேடைகளில் ‘கார்ப்பரேட்’ ஒரு வசைச்சொல்; பெரும்பணம், பேராசை, பன்னாட்டு முதலாளி எல்லாம் அதில் அடங்கிவிடுகின்றன. அந்த நினைப்பில்தான் ‘பெருநிறுவனம்’ என்று மொழிபெயர்க்கிறார்கள். மேடைக்கு அது பொருந்தலாம். சட்ட வகுப்பில் பொருந்தாது. நிறுமச் சட்டத்தின் தலையாய வழக்கே ஒரு காலணித் தொழிலாளியின் வழக்கு. ஆரன் சாலமன் இலண்டனில் காலணி செய்து விற்றவர். 1892இல் தம் தொழிலை ஒரு நிறுமமாக மாற்றினார். உறுப்பினர்கள் ஏழு பேர்: அவர், மனைவி, பிள்ளைகள் ஐவர். மொத்தப் பங்குகள் 20,007. அவற்றில் 20,001 அவருடையவை. தொழில் நொடித்தது. ‘இந்த நிறுமம் வெறும் முகமூடி, கடனைச் சாலமனே கட்ட வேண்டும்’ என்றார்கள் கடன் கொடுத்தவர்கள் தரப்பில். கீழ் நீதிமன்றங்கள் அதை ஏற்றன. அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை 1896இல் அந்தத் தீர்ப்புகளைப் புரட்டிப்போட்டது: நிறுமம் வேறு, சாலமன் வேறு. ஒரு வீட்டுக்குள் அடங்கிவிடும் தொழிலும் ‘கார்ப்பரேட்’தான்.

உடல் என்றால் உயிர் எங்கே என்ற கேள்வி எழத்தானே செய்யும்? எட்வர்டு கோக் என்ற ஆங்கில நீதிபதி 1612இலேயே இதைத் தொட்டார். கூட்டுடல்கள் இராசத்துரோகம் செய்ய முடியாது, அவற்றைத் திருச்சபை விலக்கிவைக்கவும் முடியாது, ஏனென்றால் அவற்றுக்கு ஆன்மா இல்லை என்பது அவர் வாதம். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. நம் எழுத்துகளில் மெய் என்றால் உடல். புள்ளி வைத்த மெய் தானாக இயங்காது, உயிர் ஏற வேண்டும். நிறுமமும் அப்படிப்பட்ட ஒரு மெய்தான். யாரோ ஒருவர் அதற்காகக் கையெழுத்துப் போட வேண்டும், பேச வேண்டும், முடிவெடுக்க வேண்டும். அந்த ‘யாரோ’ எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற கேள்வியில்தான் கவர்னன்ஸ் பிறக்கிறது.

‘கவர்ன்’ என்பதன் வேர் கிரேக்கக் கடலில் இருக்கிறது. ‘குபெர்னான்’ என்றால் கப்பலைச் செலுத்துவது; செலுத்துபவன் ‘குபெர்னேட்டிஸ்’, நம் பழைய சொல்லில் மீகாமன். கிரேக்கத்திலிருந்து இலத்தீனுக்கும், அங்கிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கும் போனபோது ‘கு’ ‘க’வாக நெகிழ்ந்து, கப்பல் மறைந்து, அரசு மட்டும் மிஞ்சியது. 1948இல் நார்பர்ட் வீனர் தம் புதிய அறிவியலுக்கு ‘சைபர்னெட்டிக்ஸ்’ என்று பெயர் வைத்ததும் இதே மீகாமனை நினைத்துத்தான்.

மீகாமன் துடுப்புப் போடுவதில்லை, சரக்கு ஏற்றுவதில்லை. கப்பலும் பெரும்பாலும் அவனுடையது அல்ல. திசை பார்ப்பதும் சுக்கானைப் பிடிப்பதும் அவன் வேலை. இயக்குநர் குழுவுக்குச் சட்டம் எதிர்பார்க்கும் வேலையும் ஏறத்தாழ இதுதான். அடுத்தவர் பணத்தைக் கையாளும் இயக்குநர்கள் தங்கள் சொந்தப் பணத்தைக் காப்பதுபோல் விழிப்பாக இருக்க மாட்டார்கள் என்று ஆடம் ஸ்மித் 1776இலேயே எழுதிவிட்டார். 1932இல் பெர்லி, மீன்ஸ் என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் அதே கவலையை இன்னும் கூர்மையாக்கினார்கள்: பங்குகள் ஆயிரக்கணக்கானோரிடம் சிதறிவிட்டால், உடைமை ஓரிடத்திலும் கட்டுப்பாடு வேறிடத்திலும் போய் நிற்கும். கப்பல் ஒருவருடையது, சுக்கான் இன்னொருவர் கையில்.

இந்தத் துறைக்கு இன்றைக்கும் எடுத்தாளப்படும் வரையறையைத் தந்தது பிரிட்டனின் கேட்பரி குழு. 1991இல் அமைந்து 1992 டிசம்பரில் அறிக்கை தந்த குழு அது. அது உட்கார்ந்திருந்த காலமும் அப்படிப்பட்டது: மோசடியில் சிக்கிய பி.சி.சி.ஐ. வங்கி 1991இல் மூடப்பட்டது. அதே ஆண்டு பத்திரிகை அதிபர் ராபர்ட் மேக்ஸ்வெல் இறந்தபின், அவருடைய நிறுமங்களின் ஓய்வூதிய நிதியிலிருந்து பெருந்தொகை போன இடம் தெரியாமல் போயிருந்தது வெளிவந்தது. நிறுமங்கள் நெறிப்படுத்தப்படுவதற்கும் கட்டுப்படுத்தப்படுவதற்குமான ஒழுங்குமுறையே கார்ப்பரேட் கவர்னன்ஸ் என்றது அறிக்கை. குழுவின் தலைவர் ஏட்ரியன் கேட்பரி இளமையில் படகோட்டி. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக நால்வர் படகில் துடுப்புப் போட்டவர். சுக்கானுக்கென்று தனி ஆள் இல்லாத வகைப் படகு அது. சொல்லின் வேரை அறிந்தவர்கள் இதைப் படிக்கும்போது சிரிக்காமல் இருக்க முடியாது.

அந்த அறிக்கை இயக்குநர்களின் பொறுப்புகளில் ஒன்றாக மேலாண்மையை மேற்பார்ப்பதையும் சொல்கிறது. தமிழ்ச் சொல் தேடுபவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் இது. மேற்பார்ப்பதும் மேற்பார்க்கப்படுவதும் ஒன்றாக இருக்க முடியாது. ஆகவே ‘நிறும மேலாண்மை’ விழுந்துவிடுகிறது. ‘நிறுவன நிர்வாகம்’ என்று செய்தித்தாள்கள் எழுதுவதும் நிற்காது. நிர்வாகம் வடமொழியில் சுமத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. ஏற்றுக்கொண்டதைக் கடைசிவரை சுமந்து முடிப்பது அதன் பொருள். அது துடுப்புப் போடுபவரின் வேலை, சுக்கான் பிடிப்பவரின் வேலை அல்ல.

எஞ்சியவை ஆளுமை, ஆளுகை, கூட்டாண்மை. கடைசியாகச் சொன்னதுதான் பெரிய சிக்கல். இலங்கையில் வங்கிகளின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால் ‘கூட்டாண்மை ஆளுகை’ என்ற தலைப்பைக் காணலாம். அங்கே கூட்டாண்மை என்றால் கார்ப்பரேட். தமிழ்நாட்டு வணிகவியல் பாடநூலில் கூட்டாண்மை என்றால் இருவரோ பலரோ சேர்ந்து, இலாப நட்டத்தைத் தாங்களே பகிர்ந்துகொள்ளும் தொழில். இலங்கையில் அதற்குப் பங்குடைமை என்று பெயர். கடல் கடந்தால் சொல் மாறுவது இயல்புதான். இங்கே இயக்குநர், அங்கே பணிப்பாளர், அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் கூட்டாண்மையில் பொருள் தலைகீழாகிறது. ஒன்றில் கூட்டாளியின் வீடுவரை கடன்காரர் வரலாம். மற்றதில் போட்ட முதலோடு பொறுப்பு நின்றுவிடும். நிறுமச் சட்டம் முதல் நாளே பிரித்துக் காட்டும் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது, ‘கடன்’ என்ற சொல்லே ‘வரவு’ என்றும் பொருள்படுவதுபோல.

தமிழ்நாட்டு வழக்கும் குற்றமற்றது அல்ல. ‘பங்குதாரர்’ என்ற சொல்லைக் கூட்டாளிக்கும் சொல்கிறோம், பங்கு வைத்திருப்பவருக்கும் சொல்கிறோம். இது எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு 1925ஆம் ஆண்டு மக்கோரா வழக்கு சான்று. அயர்லாந்தில் மரத்தோட்டம் வைத்திருந்த மக்கோரா, மரங்களை ஒரு நிறுமத்துக்கு விற்று, பதிலுக்கு அதன் பங்குகளை வாங்கிக்கொண்டார். பங்குகள் ஏறக்குறைய எல்லாம் அவர் வசம். மரம் தம்முடையதுதானே என்ற நினைப்பில் தம் சொந்தப் பெயரிலேயே காப்பீடு செய்தார். தீ வந்தது. காப்பீட்டுப் பணம் வரவில்லை. எரிந்தது நிறுமத்தின் மரம், மக்கோராவின் மரம் அல்ல. பங்கு வைத்திருப்பவர் நிறுமத்தின் சொத்தில் பங்காளி ஆவதில்லை. ‘பங்குநர்’ என்ற பாடநூல் சொல்லை நான் விடாப்பிடியாக எழுதுவது இதனால்தான். காதுக்கு இனிக்காது; ஆனால் குழப்பாது.

‘நிறுமம்’ என்பதற்கும் இதே நியாயம். நிறுவனம், நிறுமம் இரண்டுக்கும் வேர் ஒன்று: நிறு, அதாவது நிலைபெறச் செய். ஆனால் பள்ளி ஒரு நிறுவனம், அறக்கட்டளை ஒரு நிறுவனம், கூட்டாண்மைத் தொழிலும் ஒரு நிறுவனம். நிறுமச் சட்டப்படி பதிவானது மட்டுமே நிறுமம். ‘கும்பினி’ என்று பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழுக்குள் நுழைந்து ‘கம்பெனி’யாகத் தேய்ந்த சொல்லும் இந்த வேறுபாட்டைக் காட்டாது, அதன் இலத்தீன் வேருக்குச் சேர்ந்து ரொட்டி உண்பவர்கள் என்று பொருள், அவ்வளவுதான். ‘கழகம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். பழந்தமிழில் சூதாடும் இடத்துக்கும் கழகம் என்று பெயர் உண்டு என்பதால் பங்குச் சந்தை பற்றிய கட்டுரைகளுக்கு அது சாலப் பொருந்தும் என்பேன்.

இனி ஆளுமையும் ஆளுகையும். இரண்டுக்கும் வேர் ‘ஆள்’. ‘மை’ பண்பைக் காட்டும் ஈறு: பெருமை, கருமை, முதுமை. ‘கை’ தொழிலைக் காட்டும் ஈறு: வருகை, செய்கை, வாழ்க்கை. தனி ஆளாக இருத்தல் ஒரு நிலை, ஒரு பண்பு. ஆகவே பெர்சனாலிட்டிக்கு ‘ஆளுமை’. ஆளுதல் ஒரு செயல். ஆகவே கவர்னன்ஸுக்கு ‘ஆளுகை’. புதிதாக எதையும் உருவாக்க வேண்டிய தேவையில்லை. விவிலியத் தமிழில் ‘ஆளுகை’ நெடுங்காலமாகப் புழங்கும் சொல். அரசு அலுவலகங்கள் இ-கவர்னன்ஸுக்கு ‘மின் ஆளுமை’ என்று பெயர்ப்பலகை எழுதிவிட்டதால் பலரும் அதையே பின்பற்றுகிறார்கள். மின்சாரத்துக்குக் குணநலன் இருப்பதுபோல் ஒலிக்கிறது அது. ‘மேலாண்மையும் மை ஈறுதானே, அது செயலைக் குறிக்கவில்லையா?’ என்று கேட்பவர்களுக்கு என்னிடம் வலுவான பதில் இல்லை. ‘இல்லாண்மை’ என்று குறளே குடியை ஆளும் தன்மையைச் சொல்கிறது. ஆண்மை என்ற வடிவம் செயலின் பக்கம் சாய்ந்து நிலைத்துவிட்டது. ஆனால் ஆளுமை அப்படிச் சாயவில்லை. இன்றைய வாசகர் அதைக் கேட்டவுடன் ஒரு மனிதரின் குணத்தைத்தான் நினைக்கிறார். அந்த நினைப்போடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை.

ஆக, என் பரிந்துரை: கார்ப்பரேட் பெர்சனாலிட்டிக்கு நிறும ஆளுமை, கார்ப்பரேட் கவர்னன்ஸுக்கு நிறும ஆளுகை. கூடவே, ‘சுதந்திர இயக்குநர்’ என்பதை விட்டுவிட்டுச் ‘சார்பிலா இயக்குநர்’ என்று எழுதினால் நல்லது. அவர் விடுதலை பெற்றவர் என்பதல்ல செய்தி. நிறுமத்தோடும் அதை நடத்துபவர்களோடும் கொடுக்கல் வாங்கல், உறவுக் கட்டு இல்லாதவர் என்பதுதான் செய்தி.

‘ஆள்’ என்ற வேரில் இன்னொரு பொருளும் இருக்கிறது. வகுப்பில் அதைச் சொல்ல எனக்கு உதவுவது நியூசிலாந்தின் லீ வழக்கு. ஜெப்ரி லீ சிறு விமானத்தில் பறந்தபடி வயல்களுக்கு உரம் தூவும் தொழில் செய்தவர். அதற்காக ஒரு நிறுமம் அமைத்தார். மொத்தம் 3,000 பங்குகளில் 2,999 அவருடையவை. ஆளும் இயக்குநர் என்ற பதவியில் அவரே இருந்தார். நிறுமத்தின் விமானியாகச் சம்பளத்துக்கும் அவரே அமர்ந்தார். 1956இல் விமானம் விழுந்து இறந்துபோனார். தொழிலாளர் இழப்பீடு கேட்டார் மனைவி. தனக்குத் தானே கட்டளையிட்டுக்கொண்டவரை எப்படித் தொழிலாளி என்பது என்றது எதிர்த்தரப்பு. நியூசிலாந்து நீதிமன்றமும் ஒத்துக்கொண்டது. இலண்டனிலிருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1960இல் அதை மாற்றியது. கட்டளை நிறுமத்தினுடையது, லீ அதன் வாய் மட்டுமே. கீழ்ப்படிந்த லீ வேறொரு நிலையில் நின்றவர். இழப்பீடு கிடைத்தது.

கிரேக்கர் கேட்டிருந்தால் விமானியையும் குபெர்னேட்டிஸ் என்றுதான் அழைத்திருப்பார்கள். தமிழில் அதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: நிறுமம் ஓர் ஆள், லீ அதை ஆள்பவர், லீயே அதன் வேலையாள்.