ஒரு காலடியும் பனிமலையும்

"அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்துக்குப் போயிருந்தோம். பாதையை விட்டு இறங்கி மண்ணை மிதிக்கக் கூடாதென்றார்கள். வெறும் மண்ணில் அப்படி என்ன இருக்கிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

வெறும் மண் இல்லை அது. ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காக்களில் புதர்களுக்கு நடுவே கறுத்து, சொரசொரவென்று கிடப்பது உயிருள்ள மண்பொருக்கு. பாசி, லைக்கன் (பூஞ்சையும் ஆல்கா போன்றவையும் கூடி வாழும் உயிர்), சயனோபாக்டீரியா (செடிபோல வெளிச்சத்தில் உணவு தயாரிக்கும் நுண்ணுயிர்) எல்லாம் சேர்ந்து உண்டாக்கியது.

இதில் மைக்ரோகோலியஸ் என்றொரு சயனோபாக்டீரியா உண்டு. அதன் வேலையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. பல நூலிழைகள் ஒரே பிசின் உறைக்குள் சுருண்டு, காய்ந்து, அசைவற்றுக் கிடக்கும். மழை விழுந்ததும் உறை ஊறிப் பருக்கும். இழைகள் வழுக்கி வெளியே வந்து மணலுக்கிடையே வெளிச்சத்தைத் தேடி ஊரும். மண் காயக் காய மறுபடி கீழே இறங்கும். போகிற வழியெல்லாம் புது உறை சுரக்கும். பழைய உறை மணல்துகள்களைப் பிடித்தபடி அங்கேயே தங்கிவிடும். இழை செத்தாலும் அந்தப் பிடி உடனே விடாது. மழைக்கு மழை மண்ணில் ஒரு தையல் விழுகிறது.

காய்ந்த பொருக்கு அப்பளம் போல நொறுங்கும். மாட்டுக் குளம்போ ஜீப் சக்கரமோ பட்டால் தையல் பிரிந்து, காற்று மண்ணை அள்ளிக்கொண்டு கிழக்கே போகிறது. அங்கே கொலராடோவின் சான் வான் மலைகளில் வெண்பனிமேல் செம்புழுதி படிகிறது. வெயிலைத் திருப்பி அனுப்ப வேண்டிய பனி அதை உறிஞ்சி, காலத்துக்கு முன்பே உருகுகிறது. அடியிலுள்ள மண்ணும் செடிகளும் அத்தனை சீக்கிரம் வெளிப்பட்டு நீரை ஆவியாக்கத் தொடங்கிவிடுகின்றன. இதனால் கொலராடோ ஆற்றின் உச்ச வரத்து சராசரியாக 3 வாரம் முந்திவிட்டது, ஆண்டு நீர்வரத்தில் சுமார் 5 சதவீதம் குறைகிறது என்று 2010இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. சுமார் 4 கோடிப் பேர் நம்பியிருக்கும் ஆறு அது.

அந்த மலை ஏரிகளின் அடிவண்டல் இன்னொன்றையும் சொல்கிறது: 19ஆம் நூற்றாண்டில் குடியேற்றமும் கால்நடைகளும் பெருகியதும் புழுதி பல மடங்கு கூடியிருக்கிறது.

இத்தனைக்கும் கரிய பொருக்கு அழிந்தால் தரை வெளுக்கும். வெளுத்த தரை வெயிலைக் கூடுதலாகத் திருப்பி அனுப்பும். பாலையில் குளிர்ச்சி, மலையில் சூடு! இரண்டையும் சேர்த்து அளக்க ஒரே நிலத்தைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாண்டு ஆய்வு நிதியில் முடிகிற வேலையில்லை இது. பொறுமையான கண்காணிப்புக்குப் பணம் ஒதுக்கியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உடைந்த லைக்கன் திரும்ப வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதனால்தான் தடுக்கிறார்கள். அடுத்த முறை அங்கே மழை பெய்தால் பாதையிலேயே நின்று குனிந்து பாருங்கள்: கறுத்துக் கிடந்த பாசி சில நிமிடங்களில் பச்சையாகிவிடும்.