கட்டையின் கறுப்புக் கோடுகளை நம்பி லேத்தில் ஏற்றாதீர்கள்

மழையில் கிடந்த மாங்கட்டையை அறுத்தால், உள்ளே பேனாவால் இழுத்தாற்போலக் கறுப்புக் கோடுகள் தெரியும். ஸ்பால்டட் கட்டை என்று கடைசல்காரர்கள் தேடி வாங்குவது இதைத்தான். ஒரே கட்டையில் குடியேறிய பூஞ்சைகள் பக்கத்து வீட்டுக்காரன் வராதபடி எழுப்பிய மெலனின் என்ற கறுப்பு நிறமிச் சுவர்தான் அந்தக் கோடு. சுவருக்கு இந்தப் பக்கம் கட்டை கெட்டியாக இருக்கும். அந்தப் பக்கம் மரத்துக்கு உறுதி தரும் லிக்னினைப் பூஞ்சை தின்று பஞ்சாக்கியிருக்கும்.

அப்படி ஒரு கிண்ணம் லேத்திலிருந்து பிய்ந்து என் முகத்துக்கே வந்தது. கெட்டியான இடத்தில் ஒழுங்காகச் சீவிக்கொண்டிருந்த உளி, பஞ்சுப் பகுதிக்கு வந்ததும் குத்திக்கொண்டது. ஷீல்டு போட்டிருந்ததால் பல் தப்பியது. இப்போதெல்லாம் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்க்காமல் எதையும் ஏற்றுவதில்லை. நகம் பதிந்தால் பசை ஏற்றிக் கெட்டியாக்க வேண்டும். கிள்ளும்போதே உதிர்ந்தால், கோடு எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, அது விறகு.

பசைக்கு முன்னால் காய வைக்க வேண்டும். அவசரத்தில் பலர் தாண்டிப்போவது இந்த இடத்தைத்தான். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பூஞ்சை வளராது. ஆனால் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள், நனைந்தால் மறுபடி கிளம்பும். வேக்குவத்தில், அதாவது பம்பால் காற்றை உறிஞ்சி, சூட்டில் இறுகும் திரவப் பிசினான மெத்தக்ரிலேட் ரெசின் ஏற்றுவதாக இருந்தால் அந்த 20 போதவே போதாது. 100 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேல் ஓவனில் ஒரு நாள் வைத்து, எடை குறைவது நின்ற பிறகு, நன்றாக ஆறவிட்டு முக்க வேண்டும். சூட்டோடு முக்கினால் ரெசின் பாத்திரத்திலேயே இறுகத் தொடங்கிவிடும். குமிழி அடங்கும்வரை பம்பை ஓட்டுங்கள். நிறுத்தியதும் எடுத்துவிடாதீர்கள், காற்று போன துளைக்குள் ரெசின் புகுவதே அப்போதுதான். பம்ப் ஓடியதைப்போல இரண்டு மடங்கு நேரமாவது ஊறட்டும். பிறகு அலுமினியத் தாளில் சுற்றி, 90 டிகிரி வாக்கில் ஓவனில் இறுக்கலாம். சோறு சூடாக்கும் ஓவன் இதற்கு ஆகாது.

இதெல்லாம் பேனா, கத்திப்பிடி மாதிரிச் சின்னச் சாமான்களுக்கு. பெரிய கிண்ணத்துக்கு நான் பஞ்சான இடத்தில் மட்டும் தண்ணீர்போல ஓடும் சயனோஅக்ரிலேட் பசையை (சூப்பர் குளூ) விட்டு, இறுகியபின் கூரான உளியால் மெல்லச் சீவுகிறேன். வெளிர்நிறக் கட்டையில் அது கறை போடும். முதலில் ஒரு கை ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) பூசிவிடுவது நல்லது. இன்னொன்று: இந்தப் பசை பருத்தித் துணியில் கொட்டினால் தோலைச் சுட்டுவிடும் அளவுக்குச் சூடேறும். ஒருமுறை வேட்டியில் சிந்தித்தான் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் தூசி. எந்த மரத்தூளுமே புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே வகைப்படுத்தியிருக்கிறது. இதில் பூஞ்சை வித்துகளும் சேர்ந்து பறக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்தக் கட்டையை விட்டுவிடலாம். மற்றவர்களுக்கும் உப்புத்தாள் போடும்போது மூக்கில் துண்டு கட்டினால் போதாது, என்95 வேண்டும். என் பட்டறையில் அது லேத் சுவிட்ச்மேல் தொங்குகிறது. அதை எடுக்காமல் சுவிட்சைப் போட முடியாது.