அரசியல் கிண்டல் எந்தப் பக்கம் சாய்கிறது?

2007 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் நியூஸ் சேனல் ஒரு நையாண்டிச் செய்தி நிகழ்ச்சியைத் தொடங்கியது. '24' என்ற புகழ்பெற்ற தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோயல் சர்னோதான் அதன் பின்னால் இருந்தவர். ஜான் ஸ்டூவர்ட் தன் 'தி டெய்லி ஷோ' என்ற நையாண்டி நிகழ்ச்சியில் புஷ் அரசை விடாமல் வறுத்தெடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அதற்கு வலதுசாரிகளின் பதிலாக இது வரும் என்று எதிர்பார்த்தார்கள். வலதுசாரி வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பா அமெரிக்க அதிபராகவும், எழுத்தாளர் ஆன் கூல்டர் துணை அதிபராகவும் முதல் நிகழ்ச்சியிலேயே வேடம் போட்டு வந்தார்கள். பணம் இருந்தது, ஆள் இருந்தது, ஏற்கெனவே அந்தச் சேனலைப் பார்க்கும் பெரிய கூட்டமும் இருந்தது. அப்படியும் அந்த வருடம் முடிவதற்குள் நிகழ்ச்சியை மூடிவிட்டார்கள்.

அது ஏன் எடுபடவில்லை? வலதுசாரிகளுக்குச் சிரிக்கவே தெரியாது என்கிறது ஒரு தரப்பு. தொலைக்காட்சி உலகம் முழுக்க இடதுசாரிகள் கையில் இருக்கிறது, மற்றவர்களை வளரவிட மாட்டார்கள் என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டிலும் கோபம்தான் அதிகம். உளவியலாளர்களும் ஊடக ஆய்வாளர்களும் 1970-களிலிருந்து சேர்த்து வைத்திருக்கும் முடிவுகள் இதைவிடச் சுவையானவை. (இடது, வலது என்று இங்கே சொல்வது பெரும்பாலும் அமெரிக்கப் பொருளில்தான்: ஜனநாயகக் கட்சியை ஒட்டியவர்கள், குடியரசுக் கட்சியை ஒட்டியவர்கள்.)

முதலில், ஒரு அரசியல் ஜோக் கேட்பவர் தலைக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். "எங்கள் நகராட்சிக்கு மக்கள் உயிர்மேல் எவ்வளவு அக்கறை! ரோடு முழுக்கப் பள்ளம் விட்டு வைத்திருக்கிறார்கள், யாரும் வேகமாகப் போய் அடிபடவே முடியாது." இதைச் சொன்னவர் நகராட்சியைத் திட்டி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, பாராட்டத்தான் செய்கிறார். திட்டு முழுவதும் கேட்பவர் மனத்தில் உருவாகிறது. அதற்கு அவர் பல வேலைகளைச் சட்டென்று செய்ய வேண்டும். ரோடு மோசம் என்பது தெரிந்திருக்க வேண்டும். சொல்பவர் அப்பாவியாகப் பேசவில்லை என்று பிடிபட வேண்டும். கேட்ட வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்பி, சொல்லாமல் விட்ட முடிவைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும். ஜோக் என்பது முதலில் நம் எதிர்பார்ப்பை உடைத்து, பிறகு அந்த உடைசலுக்கு ஒரு பொருத்தம் கண்டுபிடிக்க வைப்பது என்று ஜெர்ரி சல்ஸ் என்ற உளவியலாளர் 1972-இல் விளக்கினார். இப்படி ஒன்றைச் சொல்லி அதற்கு எதிரானதை உணர்த்தும் முரண்நகையில் அந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடிக்கும் வேலை கிட்டத்தட்ட முழுவதும் கேட்பவர் தலையில்தான் விழுகிறது.

அப்படியானால், கேட்பவர் தன் விருப்பப்படி வேறொரு முடிவைப் போட்டுக்கொண்டால் என்ன ஆகும்?

நகைச்சுவையாளர் ஸ்டீவன் கோல்பெர்ட் 2005 முதல் 2014 வரை நடத்திய நிகழ்ச்சியை வைத்து இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அதில் அவர் ஒரு தீவிர வலதுசாரித் தொலைக்காட்சிப் பேச்சாளராகவே நடித்தார். வேடத்தைக் கலைக்காமல், அந்த வகைப் பேச்சை அப்படியே ஊதிப் பெரிதாக்கிக் காட்டுவதுதான் அவர் பாணி. ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹெதர் லமார் குழுவினர் 332 பேரிடம் அதைக் காட்டிக் கேள்வி கேட்டு, 2009-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வேடிக்கையாக இருக்கிறது என்று இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் சொன்னது. ஆனால் இவர் வலதுசாரிகளைக் கேலி செய்கிறார் என்று இடதுசாரிச் சார்புள்ளவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வலதுசாரிச் சார்புள்ளவர்களில் பலர், இவர் விளையாட்டுப்போலப் பேசினாலும் உள்ளே நினைப்பதைத்தான் சொல்கிறார் என்று புரிந்துகொண்டார்கள். ஒரே காட்சி, ஒரே சிரிப்பு, இரண்டு எதிரெதிர் அர்த்தம்.

இதே கதை அதற்கு 35 வருடங்களுக்கு முன்பே நடந்திருக்கிறது. நார்மன் லியர் உருவாக்கிய 'ஆல் இன் தி ஃபேமிலி' தொடர் 1971-இல் சிபிஎஸ் சேனலில் தொடங்கியது. அதில் வரும் ஆர்ச்சி பங்கர் இனவெறிப் பேச்சுக்குப் பேர்போனவர். முற்போக்கான மருமகனோடு ஓயாமல் மல்லுக்கட்டுவார். அந்த வெறியின் அபத்தத்தைக் காட்டுவதுதான் தொடரின் நோக்கம். நீல் விட்மர், மில்டன் ரோகீச் இருவரும் அமெரிக்க மாணவர்களிடமும் கனடாவின் பெரியவர்களிடமும் விசாரித்து 1974-இல் எழுதிய கட்டுரை தயாரிப்பாளர்களின் நம்பிக்கையை அசைத்தது. இனப்பாகுபாட்டு மனப்பான்மை அதிகமுள்ளவர்கள் ஆர்ச்சியை ரசித்தார்கள், வாதத்தில் அவர்தான் ஜெயிக்கிறார் என்று நினைத்தார்கள். எல்லோருக்கும் தொடர் பிடித்திருந்தது, தோற்றது யார் என்பதில் மட்டும் ஒற்றுமை இல்லை. அங்கதம் தானாகவே மக்களைத் திருத்திவிடும் என்று நம்புகிற யாரும் இந்த ஆய்வைக் கடந்து போகக் கூடாது.

சரி, ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அமெரிக்க இரவுநேர நையாண்டியில் இடதுசாரிகள்தானே நெடுங்காலம் கோலோச்சினார்கள்? டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டானகல் யங் இதற்கு ஒரு உளவியல் விளக்கம் தருகிறார். தெளிவில்லாத நிலையில் கொஞ்ச நேரம் இருக்கச் சிலருக்குப் பிடிக்கும்; புதிர் அவிழாமல் இருந்தாலும் அவர்கள் பதறுவதில்லை. வேறு சிலருக்கு எது சரி, எது தப்பு என்று சட்டென்று முடிவு தெரிந்தாக வேண்டும். முதல் குணம் சமூக விஷயங்களில் இடதுசாரிகளிடமும், இரண்டாவது குணம் வலதுசாரிகளிடமும் சராசரியாகச் சற்று அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. முடிவைச் சொல்லாமல் விடும் முரண்நகை முதல் வகை மனத்துக்கு இதமாக இருக்கிறது. ஆபத்து எது, எதிரி யார் என்று உடைத்துச் சொல்லும் ஆவேசப் பேச்சு இரண்டாவது வகை மனத்துக்கு அதே திருப்தியைக் கொடுக்கிறது. ஸ்டூவர்ட் நிகழ்ச்சிக்கு வலதுசாரிகளின் உண்மையான இணை இன்னொரு நையாண்டி நிகழ்ச்சி அல்ல, ஃபாக்ஸ் சேனலின் கொந்தளிப்பான விவாத நிகழ்ச்சிகள்தான் என்பது அவர் வாதம். யங்கும் சக ஆய்வாளர்களும் 2019-இல் வெளியிட்ட ஆய்விலும் முரண்நகை, மிகைப்படுத்தல் இரண்டையும் வலதுசாரிகள் சற்றுக் குறைவாகவே ரசித்தார்கள். இன்னொரு பக்கம், வில்லிபால்ட் ரூக் 1980-களிலிருந்து செய்த ஆய்வுகளில், கடைசி வரியில் எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிடும் ஜோக்குகளைப் பழமைவிரும்பிகள் அதிகம் ரசிப்பதும், ஒட்டாமல் விட்டுவிடும் அபத்த ஜோக்குகளை அவ்வளவாக ரசிக்காததும் தெரியவந்தது. அவர்களுக்கும் சிரிப்பு வருகிறது, வேறு வகை ஜோக்குக்கு.

யங்கின் விளக்கத்தில் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் அதை நீட்டிப் பிடித்து 'வலதுசாரி மூளை' என்று பேசுபவர்களை நான் ஏற்க மாட்டேன். இவை சராசரியில் தெரியும் சிறு வித்தியாசங்கள். இரு கூட்டத்துக்கும் நடுவே பொதுவான பரப்புதான் மிக அதிகம். அப்புறம், வரலாறு அந்த வாதத்துக்கு ஒத்துவரவே இல்லை.

கி.மு. 423-இல் சாக்ரட்டீஸை மேடையேற்றிக் கேலி செய்த கிரேக்க நாடகாசிரியர் அரிஸ்டோஃபேனஸ், புதுச் சிந்தனைகளைச் சந்தேகித்து ஏதென்ஸின் பழைய வழிகளுக்காக ஏங்கியவர். ஆங்கில முரண்நகையின் உச்சம் என்று கொண்டாடப்படும் ஜோனதன் ஸ்விஃப்ட், டோரி என்ற பழமைவாதக் கட்சிக்காகப் பத்திரிகையில் எழுதியவர். பிரெஞ்சுப் புரட்சியையும் அதன் ஆங்கிலேய ஆதரவாளர்களையும் கிழித்த கார்ட்டூனிஸ்ட் ஜேம்ஸ் கில்ரேவுக்கு 1797 முதல் பிரிட்டிஷ் அரசே உதவித்தொகை கொடுத்தது. நமக்கு இதைவிடப் பக்கத்தில் சோ ராமசாமி இருக்கிறார். 1968-இல் அவர் மேடையேற்றிய 'முகமது பின் துக்ளக்', 1970-இல் தொடங்கிய 'துக்ளக்' பத்திரிகை, கேள்வி-பதில் பகுதி என்று தமிழில் அரசியல் நையாண்டிக்கு ஒரு தலைமுறை பழகியதே அவர் வழியாகத்தான். அவர் கருத்துகளோடு உடன்படாதவர்கள்கூட அவர் கிண்டலை வரிவரியாகச் சொல்லிச் சிரித்தார்கள். அவர் சார்பு எந்தப் பக்கம் என்று தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. முற்போக்கு அரசியல் ஆட்சியில் இருந்த இடத்தில் கூர்மையான நையாண்டி எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. சோவியத் ரஷ்யாவிலும் அப்படித்தான்: 1922-இல் தொடங்கிய 'குரொக்கடீல்' இதழ் அனுமதிக்கப்பட்ட இலக்குகளைக் கேலி செய்தது, மக்கள் சமையலறையில் கிசுகிசுத்த ஜோக்குகள் கட்சியைக் கேலி செய்தன, ஸ்டாலின் காலத்தில் அதற்காகக் கட்டாய உழைப்பு முகாமுக்குப் போனவர்களும் உண்டு.

அப்படியானால் அதிகாரத்துக்கு எதிராகத்தான் கிண்டல் சாய்கிறதா? பெரும்பாலும் ஆம். ஆனால் அதிலும் ஒரு சிக்கல்: மக்கள் சிரிப்பது அதிகாரம் அடிபடுவதற்காக இல்லை, தங்களுக்குப் பிடிக்காதவர் அடிபடுவதற்காக. டால்ஃப் சில்மனும் ஜோஆன் கேன்டரும் 1970-களில் சொன்னது இது: அடிபடுபவர்மேல் வெறுப்பும் அடிப்பவர்மேல் பிரியமும் எவ்வளவு கூடுகிறதோ, சிரிப்பும் அவ்வளவு கூடும். எகிப்தில் இது வேதனையோடு நிரூபணமானது. இதய அறுவை மருத்துவர் பாசெம் யூசுஃப், ஸ்டூவர்ட்டைப் பார்த்து ஊக்கம் பெற்று 2011-இல் யூடியூபில் தொடங்கியவர். அதிபர் மோர்சியின் இஸ்லாமிய அரசை அவர் கேலி செய்தபோது அரசு வழக்குப் போட்டது, எதிர்த்தரப்பு அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. 2013 ஜூலையில் ராணுவம் மோர்சியை இறக்கியது. அக்டோபரில் யூசுஃப் திரும்பி வந்து, அதே பாணியில், ராணுவத் தளபதி சிசியைக் கொண்டாடும் வெறியைத் தொட்டார். ஒரே ஒரு நிகழ்ச்சிதான். முன்பு கைதட்டியவர்களிலேயே பலர் கொதித்தார்கள், சேனல் நிகழ்ச்சியை நிறுத்தியது. வேறு சேனலுக்கு மாறிப் பார்த்தும் 2014 ஜூனில் அவர் கடையைக் கட்ட வேண்டியதாயிற்று. ஆளும் மாறவில்லை, முறையும் மாறவில்லை, இலக்கு மட்டும்தான் மாறியது.

மேடையை யார் கட்டுகிறார்கள் என்பதும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்க ஒலிபரப்பில் சர்ச்சைக்குரிய விஷயங்களில் மாற்றுக் கருத்துக்கும் இடம் தர வேண்டும் என்றிருந்த விதி 1987-இல் போனது. அடுத்த வருடமே லிம்பாவின் நிகழ்ச்சி நாடு முழுக்க ஒலிக்கத் தொடங்கியது. கேலிப் பாட்டு, போலிக் குரல் எல்லாம் அதில் உண்டு. அதை யாரும் காமெடி என்று வகைப்படுத்தவில்லை, வானொலி அரசியல் என்றே எண்ணினார்கள். வலதுசாரி நகைச்சுவை எங்கே என்று தேடியவர்கள் அங்கே பார்க்கவே இல்லை. ஃபாக்ஸும் கைவிடவில்லை. 2021 ஏப்ரலில் கிரெக் கட்ஃபெல்டின் நையாண்டி நிகழ்ச்சியை வார நாட்களின் இரவுக்குக் கொண்டுவந்தது. 2022-க்குள் அது பார்வையாளர் எண்ணிக்கையில் கோல்பெர்ட்டின் அடுத்த நிகழ்ச்சியையே முந்தத் தொடங்கிவிட்டது. (பின்னால் கட்ஃபெல்ட் இரவு 10 மணிக்கு மாறிவிட்டதால் இருவரையும் அப்படியே ஒப்பிடுவது சரியாக இருக்காது.) பதினைந்து வருடங்களில் அமெரிக்கர்களின் மூளை மாறியிருக்காது. பார்வையாளர்கள் இரண்டாகப் பிரிந்து, அவரவர் பக்கத்துக்கு அவரவர் சேனல் என்று சந்தை பழுத்துவிட்டது.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்றால் இவ்வளவு கவலைப்பட வேண்டாம். ராபின் நாபியும் சக ஆய்வாளர்களும் 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஜோக்காக வரும் அரசியல் செய்தியை மக்கள் கவனமாகத்தான் கேட்கிறார்கள், ஆனால் 'சும்மா விளையாட்டுக்கு' என்று ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். அதனால் எதிர்வாதம் செய்வதில்லை. சில நாட்கள் கழித்து, விளையாட்டு என்ற முத்திரை உதிர்ந்து கருத்து மட்டும் மனத்தில் தங்குவதற்கான அறிகுறிகளை அவர்கள் கண்டார்கள். ஜேசன் கொரோனல் குழு 18 முதல் 34 வயதுள்ளவர்களை வைத்து 2021-இல் வெளியிட்ட ஆய்விலும், நகைச்சுவையாகச் சொன்ன அரசியல் செய்திதான் நன்றாக நினைவில் நின்றது, மற்றவர்களோடு பகிரும் ஆசையும் கூடியது. அப்போது மூளையில், பிறர் என்ன நினைப்பார்கள் என்று யோசிக்கும் பகுதிகளில் செயல்பாடு அதிகமாயிருந்தது.

தமிழில் இதைச் சோதிக்க வடிவேலுவைவிடப் பொருத்தமானவர் கிடைக்க மாட்டார். அவருடைய ஒரே முகபாவத்தைத் திமுக, அதிமுக, பாஜக, நாம் தமிழர் ஆதரவாளர்கள் எல்லோரும் வேறுவேறு வாசகம் போட்டு எதிராளிமேல் வீசுகிறார்கள். விட்மரும் ரோகீச்சும் கேட்டதையே நம் பல்கலைக்கழகங்கள் இங்கேயும் கேட்க வேண்டும். ஒரே மீமை நான்கு கட்சிக்காரர்களிடமும் காட்டி, சிரிப்பு வந்ததா என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், இதில் அடிவாங்கியது யார் என்றும் கேட்க வேண்டும். ஒரு வாரம் கழித்து அதே ஆட்களிடம் திரும்பப் போய், என்ன நினைவிருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.